விக்கல் நிற்கவில்லையா?

விக்கல் வந்தால் "யாரோ நினைக்கிறாங்க" என்போமே, போன வருஷம் என் மாமனாருக்கு வந்தபோதும் மாமியார், "உங்க தங்கைதான் நினைக்கிறா" என்று சிரித்தார். மூச்சை அடக்கச் சொன்னோம், மடக்கு மடக்காகத் தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை (நீரிழிவுக்காரர்களுக்கு வேண்டாம்!) கொடுத்துப் பார்த்தோம். சாதாரண விக்கல் இதற்கே அடங்கிவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் திடீரென்று சுண்டி இழுப்பதுதான் விக்கல். அவசரமாக விழுங்குவது, வயிறு முட்டச் சாப்பிடுவது, காரம், சோடா இவற்றைக் குறைத்தாலே பெரும்பாலும் வராது.

அவருக்கோ மூன்றாம் நாளும் நிற்கவில்லை. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. டாக்டர் ரத்தம் சோதித்தார். சிறுநீரகம் பழுதாகி யூரியா ஏறியிருந்தது! "48 மணி நேரம் தாண்டினா கை வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கலாமாம்மா?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்.

இப்போது மருந்தும் பத்தியமுமாக இருக்கிறார். லேசாக விக்கினாலும் மாமியார் கடிகாரத்தைப் பார்க்கிறார்.