நல்ல உடம்பில் ஏன் மருந்தைச் சோதிக்கிறார்கள்?

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலில் கருவாடு இல்லாத வீடு அரிது. அங்கே ஒருவருக்கு இதயம் பலவீனப்பட்டால் மருத்துவர் முதலில் சொல்வது, "உப்பைக் குறைங்க, கருவாட்டை விடுங்க." இதயத்தின் வலு குறைந்தால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்ளும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

இந்தத் தேக்கத்தை வடிக்க இதயமே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் என்பவர் எலியின் இதய மேலறைத் திசுச் சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றினார். அவை ஏராளமாக உப்பையும் நீரையும் வெளியேற்றின. 1981இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகுதான் இதயம் ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட என்பது தெளிவானது.

அப்படியானால் அந்த ஹார்மோனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? கொடுத்தார்கள். இந்த ஹார்மோன் குடும்பத்தைச் சேர்ந்த நெசிரிடைடு என்ற மருந்துக்கு அமெரிக்கா 2001இல் அனுமதி தந்தது. ஆனால் அது இரத்த அழுத்தத்தை அதிகமாக இறக்கிவிடும். 2011இல் வெளியான பெரிய ஆய்வில் அதனால் உயிரிழப்பு குறையவில்லை என்றும் தெரிந்தது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜான் பர்னெட் குழுவினர் வேறு வழியில் போனார்கள். மனித உடலில் உள்ள, இதே குடும்பத்துச் சி-வகை ஹார்மோனின் 22 அமினோ அமிலங்களோடு, பச்சை மாம்பா என்னும் ஆப்பிரிக்கப் பாம்பின் நஞ்சிலிருந்த ஒத்த பொருளின் 15 அமினோ அமில வால்பகுதியை இணைத்தார்கள். முதல் பகுதி இரத்த நாளத்தைப் பதமாகத் தளர்த்தும். வால் சிறுநீரகத்தை வேலை வாங்கும். செண்டெரிடைடு என்ற இதை முதலில் ஆரோக்கியமானவர்களுக்குத்தான் ஏற்றினார்கள். அளவைப் படிப்படியாகக் கூட்டி, இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தார்கள். உப்பு அதிகம் வெளியேறியது. இரத்த அழுத்தம் பெரிதாக இறங்கவில்லை. முடிவுகள் 2009இல் வெளிவந்தன.

நோயாளியிடமே சோதிக்கக் கூடாதா? அவர் ஏற்கெனவே பல மாத்திரை சாப்பிடுகிறவர், சிறுநீரகமும் தளர்ந்திருக்கலாம். எது எதனால் நேர்ந்தது என்று பிரித்தறிய முடியாது. அதனால் ஆரம்பக் கட்ட ஆய்வு கேட்பது இரண்டுதான்: எவ்வளவு வரை உடல் தாங்கும்? மருந்து உடலில் என்ன செய்கிறது? நோய் தீருமா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது. செண்டெரிடைடு அதன் பிறகு நோயாளிகளிடமும் சோதிக்கப்பட்டது. ஆனாலும் இதய நோய்க்கான மருந்தாக விற்பனைக்கு வரவில்லை.

இப்படிப்பட்ட ஆரம்பக் கட்ட ஆய்வில் சேரும் ஆரோக்கியமானவருக்கு மருத்துவப் பயன் ஏதுமில்லை. ஆபத்து மட்டும் உண்டு. 2006இல் லண்டனில் வேறொரு புது மருந்தை ஏற்றிக்கொண்ட 6 இளைஞர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு விதிகள் இவர்களுக்குக் காப்பு தருகின்றன. புரிகிற மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும். ஆய்வால் உடல் கெட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பணம் தருகிறார்கள் என்று யாராவது உங்களை அழைத்தால், முதலில் தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். முழுக்கப் படித்து, வீட்டாரிடம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.