பியெரோகி: போலந்து வீட்டுக் கொழுக்கட்டை

பள்ளிபாளையத்தில் ஒரு வீட்டில் கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்தவர் இருந்தால், போலந்து நாட்டின் பியெரோகி அந்த வீட்டுக்குப் பாதி தெரிந்த பலகாரம்தான். வட்டமாகத் தேய்த்த மாவு, நடுவில் பூரணம், இரண்டாக மடித்து விளிம்பை அழுத்தி ஒட்டிய அரைநிலா வடிவம். பார்வைக்குத் தீபாவளிச் சோமாஸ் மாதிரியே இருக்கும். ஆனால் சோமாஸ் எண்ணெயில் வேகிறது, கொழுக்கட்டை ஆவியில் வேகிறது, பியெரோகி கொதிக்கிற தண்ணீரிலேயே வேகிறது.

கரைந்துவிடாதா? அரிசி மாவில் மெல்லிசாகச் செய்து போட்டால் பிரிந்துதான் போகும். அரிசியில் குளூட்டன் கிடையாது. அதனால்தான் கொதிநீர் ஊற்றிக் கிளறி, மாவைப் பாதி வேகவைத்துக்கொண்டு பிடிக்கிறோம். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம், பிசையப் பிசைய வலைபோலப் பின்னிக்கொள்ளும். கொதிநீரில் பூரணத்தைக் காப்பது அந்த வலைதான். பிசைந்த மாவை அரைமணி நேரம் ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள். இறுகிய வலை தளர்ந்தால்தான் தேய்த்த மாவு திரும்பச் சுருங்காது.

பியெரோகி என்பதே பன்மை. ஒன்றுக்குப் பியெருக் என்று பெயர். கிராகோ நகரில் 1682-ல் அச்சான ஸ்தனிஸ்வாவ் செர்னியெத்ஸ்கியின் சமையல் நூலிலேயே இது இருக்கிறது. உருளைக்கிழங்கு அப்போது அந்த நாட்டு வயல்களில் பரவியிருக்கவில்லை. இன்று அங்கே மிகவும் விரும்பப்படுவதோ உருளைக்கிழங்கு வைத்த ‘ரூஸ்கியே’ வகை. பெயரைக் கேட்டு ரஷ்யா என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய மேற்கு உக்ரைன் பக்கம் இருந்த ரூத்தேனியாவைக் குறிக்கும் சொல் அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு போலந்துக்காரர்கள் கறி தொடமாட்டார்கள். வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே சாப்பிட உட்காருவார்கள். அன்றைக்குப் புளிக்கவைத்த முட்டைகோஸும் காளானும்தான் பூரணம். நம் புரட்டாசி விரத வீடுகளுக்கு அந்தக் காத்திருப்பு நன்றாகவே புரியும்.

ரூஸ்கியேவை இங்கேயே செய்யலாம். கால் கிலோ மைதாவுக்கு ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், சுமார் 125 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் மிருதுவாகப் பிசையுங்கள். பூரணத்துக்கு வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, அதில் பாதியளவு பாலாடைக்கட்டி, பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், உப்பு, மிளகுத்தூள். அங்கே போடும் கட்டியில் லேசான புளிப்பு உண்டு; கடைப் பனீரில் அது வராது. புளித்த கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டு எடுத்தால் அந்த ருசிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். கரம் மசாலாவுக்குக் கை போகும். முதல் தடவையாவது போடாதீர்கள். கிழங்கும் வெங்காயமும் வெண்ணெயும் சேர்ந்து தருகிற சாந்தமான ருசிதான் இந்தப் பலகாரத்தின் உயிர்.

மாவை மெல்லிசாகத் தேய்த்து டம்ளரால் வட்டம் வெட்டுங்கள். போலந்து வீடுகளிலும் டம்ளரால்தான் வெட்டுகிறார்கள். பூரணம் ஈரமாக இருந்தாலோ விளிம்பில் பட்டிருந்தாலோ ஒட்டாது, தண்ணீரில் வாய் பிளந்துகொள்ளும். நெருக்கிப் போடாமல், உப்புப் போட்ட கொதிநீரில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மேலே மிதந்து வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் போதும். அரித்தெடுத்து, உருக்கிய வெண்ணெயும் வதக்கிய வெங்காயமும் மேலே விட்டு, கெட்டித் தயிரோடு சூடாகச் சாப்பிட வேண்டும்.

இது கைக்குப் பழகிய பிறகு, நம் ஊர்ப் பெயர் சொல்லும் பள்ளிபாளையம் சிக்கனைப் பூரணமாக வைக்கலாம். வெந்த கறியை அரைத்து உள்ளே வைப்பது அவர்களுக்கும் வழக்கம்தான். எலும்பை நீக்கி, வரமிளகாயை எடுத்துவிட்டு, தேங்காய்ச் சில்லோடு பொடியாகக் கொத்தி, ஈரம் வற்றும்வரை பிரட்டி வையுங்கள்.

மிஞ்சினால் கவலை வேண்டாம். மறுநாள் காலை தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க வாட்டுங்கள். என் வாய்க்கு முதல் நாள் பியெரோகியைவிட அதுதான் ருசி.