எச்சில்ல ஒரு கத்தரிக்கோல்... அது ஈறை வெட்ட ஆரம்பிச்சா?

வெறும் சோற்றை வாயில் போட்டு ஒரு நிமிஷம் மென்னு பாருங்க, லேசா இனிக்கும். எச்சிலில் இருக்கிற அமைலேஸ் என்சைம் மாவுச்சத்தை உடைக்கிறதால வர்ற இனிப்பு அது. ஆனா சிக்கனை எவ்வளவு நேரம் மென்றாலும், அதில் இருக்கிற புரதம் வாயில் செரிக்கத் தொடங்காது. அந்த வேலை வயிற்றில்தான் ஆரம்பிக்குது.

அப்போ புரதத்தை வெட்டுற என்சைம் எச்சிலில் இல்லையா? இருக்கு. ஆனா அதோட இலக்கு உங்க தட்டில் இருக்கிற சிக்கன் இல்லை. சில என்சைம்கள் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தே வருது. சிலதை வாயில் குடியிருக்கிற பாக்டீரியாக்கள் தயாரிக்குது. மீதி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடுக்கு வழியா கசிஞ்சு வர்ற வெள்ளை அணுக்கள் கொண்டு வர்றது.

காலையில் எழுந்ததும் வர்ற வாய் நாற்றம் பாக்டீரியா கைவரிசைதான். தூங்கும்போது எச்சில் ஊறுறது ரொம்பக் குறைஞ்சிடும். அந்த கேப்ல, நாக்கு இடுக்கில் இருக்கிற பாக்டீரியா உதிர்ந்த செல்கள், எச்சில் புரதம் எல்லாத்தையும் நறுக்கி, கந்தகம் உள்ள அமினோ அமிலங்களிலிருந்து அழுகிய முட்டை வாடை அடிக்கிற வாயுவை உண்டாக்குது. அதனாலதான் பல்லை மட்டும் தேய்ச்சா பத்தாது, நாக்கையும் வழிக்கணும்.

இதைவிட சீரியஸான ஆள் வெள்ளை அணுவோட கத்தரிக்கோல். பேர் எம்.எம்.பி-8. ஈறையும் பல்லையும் பிடிச்சு வெச்சிருக்கிறது கொலாஜன். மூணு இழைகளை முறுக்கின கயிறு மாதிரி இருக்கும், சாதாரண என்சைம் எதுவும் அதை அசைக்க முடியாது. எம்.எம்.பி-8 நடுவில் ஒரு துத்தநாக அணுவை வெச்சிருக்கு. அந்த அணு ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிடிச்சு, கயிறோட இணைப்புக்குள்ள செருகும். இணைப்பு அறுந்துடும். அதுவும் ஒரே ஒரு இடத்தில்தான்: முக்கால் துண்டு, கால் துண்டுன்னு ரெண்டாகும். அவ்வளவுதான், உடம்புச் சூட்டிலேயே முறுக்கு பிரிஞ்சிடும். மிச்சத்தை மற்ற என்சைம்கள் பொடிப்பொடியா நறுக்கிடும்.

பழைய திசுவை அகற்ற இந்த வெட்டு கொஞ்சம் தேவைதான். அளவு மீறாம பார்த்துக்க, கத்தரியை மூடி வைக்கிற தடுப்புப் புரதங்களும் அங்கேயே இருக்கு. பல்லோரம் அழுக்கு படிஞ்சு பாக்டீரியா பெருகினா வெள்ளை அணுக்கள் கூட்டமா வரும், கத்தரிகள் தடுப்பை மீறிடும். பாக்டீரியாவை அடிக்க வந்த படை நம்ம ஈறையே வெட்டும். ஈறு நோயில் எச்சிலில் எம்.எம்.பி-8 கூடுறதை டெஸ்ட்லயே பார்க்கலாம். இந்தக் கத்தரியை அடக்க, டாக்ஸிசைக்ளினை 20 மில்லிகிராம்ங்கிற குறைஞ்ச டோஸில் கொடுக்க அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைச்சது. அந்த டோஸ் கிருமியைக் கொல்றதுக்கு இல்லை, என்சைமை அடக்க மட்டும்தான். மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்கிடாதீங்க.

பிரஷ் பண்ணும்போது ரத்தம் வந்தா நம்மாளுங்க முதல்ல செய்யுற தப்பு, அந்த இடத்தில் பிரஷ் போடுறதையே நிறுத்துறது. அழுக்கு இன்னும் சேரும். வீக்கமும் ரத்தமும் மட்டும்னா சுத்தம் செஞ்சாலே சரியாகிடும். எலும்பு கரைஞ்சா தானா வளராது. புகைபிடிக்கிறவங்களுக்கு ஈறு நோய் இருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும், அதனால ரத்தம் வரட்டும்னு காத்திருக்காம அவங்க டாக்டர்கிட்ட ஈறைக் காட்டிடுறது நல்லது.