செத்த பிறகு எந்தக் கணவரோடு வாழ்வது? 'இட்டர்னிட்டி' படம் கேட்கும் கேள்வி என்ன?

"ஏழேழு ஜென்மத்துக்கும் நீதான்" என்று சொல்வது சுலபம். ஆனா உண்மையிலேயே செத்த பிறகு ஒருத்தர் எதிரே வந்து நின்று, "உங்களுக்கு ஒரு வாரம் டைம். முடிவே இல்லாத காலத்தை யாரோட கழிக்கப் போறீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டால்? அதுவும் காத்திருப்பது ஒரு கணவர் இல்லை, இரண்டு கணவர்கள் என்றால்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சிரிக்கவும் வைத்து, கண்ணைத் துடைக்கவும் வைக்கிற ஹாலிவுட் படம்தான் 'இட்டர்னிட்டி'. 2025 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. நவம்பரில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. ஏ24 நிறுவனத்தின் படம். இயக்கியவர் அயர்லாந்தைச் சேர்ந்த டேவிட் ஃப்ரெய்ன். கல்யாணம், காதல், மரணம் மூன்றையும் இந்தப் படம் எப்படி முடிச்சுப் போடுகிறது? விரிவாகப் பார்ப்போம்.

கதை என்ன?

லாரி, ஜோன். கல்யாணமாகி 65 வருஷம் ஆன வயதான தம்பதி. காரில் போகும்போதே சண்டை. சுற்றுலா என்றால் அவருக்குக் கடற்கரை வேண்டும், இவருக்கு மலை வேண்டும். பேரப்பிள்ளைகள் எடுத்த பெரிய குடும்பம். வெளியிலிருந்து பார்த்தால் எந்தத் தெருவிலும் இருக்கிற ஒரு சாதாரணத் தாத்தா பாட்டி.

ஆனால் ஜோனுக்குப் புற்றுநோய் முற்றிய நிலை. முதலில் போகப் போவது அவர்தான் என்று இருவருக்கும் தெரியும். அங்கேதான் படம் முதல் குறும்பைச் செய்கிறது. குடும்ப விசேஷத்துக்குப் போன இடத்தில், பிரெட்சல் என்ற மொறுமொறு தின்பண்டம் தொண்டையில் அடைத்து, லாரி முந்திக்கொண்டு செத்துப் போகிறார்!

கண் விழித்தால் ஒரு ரயிலில் இருக்கிறார். உடம்பு பழையபடி இளமையாக இருக்கிறது. சில நாளில் ஜோனும் வந்து சேர்கிறார். "இனி என்றென்றைக்கும் ஒன்றாகவே இருக்கலாம்" என்று லாரி நினைக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. ஜோனின் முதல் கணவர் லூக், கொரியப் போரில் இறந்தவர். அவர் ஜோனுக்காக அதே இடத்தில் 67 வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

'ஜங்ஷன்' என்றால் என்ன? அதன் விதிகள் என்ன?

இறந்தவர்கள் வந்து இறங்கும் இடத்துக்குப் படத்தில் 'ஜங்ஷன்' என்று பெயர். மேகம், தேவதை, இறக்கை எதுவும் கிடையாது. ரயில் நிலையம், ஹோட்டல், வர்த்தகக் கண்காட்சி மூன்றையும் கலந்து வைத்தது போன்ற இடம். அதன் விதிகள் இவைதான்:

* இறந்தவர்கள், வாழ்க்கையில் தாங்கள் எந்த வயதில் மிகவும் சந்தோஷமாக இருந்தார்களோ அந்த வயது உடம்போடு வருவார்கள்.

* ஒவ்வொருவருக்கும் வழிகாட்ட ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்டு. டிராவல் ஏஜென்ட் மாதிரி.

* எந்த 'நித்திய உலகம்' வேண்டும் என்று ஒரு வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். கடற்கரை உலகம், மலை உலகம், புகைபிடிப்பவர்களுக்கு ஒரு உலகம் என்று கடை விரித்திருக்கிறார்கள்.

* ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அவ்வளவுதான். மாற்ற முடியாது. தப்பி ஓடினால் பிடித்து இருட்டு வெறுமையில் தள்ளிவிடுவார்கள்.

பொதுவாகக் காதல் கதைகளில் தப்பாக முடிவெடுத்தால் திருத்திக்கொள்ள வழி இருக்கும். மன்னிப்புக் கேட்கலாம், விமான நிலையத்துக்கு ஓடிப் போய் நிறுத்தலாம். இங்கே அந்த வசதி இல்லை. நகைச்சுவைக்கு நடுவே நமக்குப் பதற்றம் வருவது இந்தக் கடைசி விதியால்தான்.

67 வருஷமா? 65 வருஷமா?

படத்தின் மொத்தப் போராட்டமும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. ஒருவர் ஜோனுக்காகக் காத்திருந்தது 67 வருஷம். இன்னொருவர் ஜோனோடு வாழ்ந்தது 65 வருஷம். எது பெரிது?

லூக் அழகானவர், வீரர், அன்பானவர். அவரோடு ஜோன் வாழ்ந்த காலம் ரொம்பக் குறைவு. அதனாலேயே அதில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுச் செலவுக்காக மல்லுக்கட்டவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவெல்லாம் விழித்திருக்கவில்லை, ஒருவர் குறட்டையை இன்னொருவர் பொறுத்துக்கொள்ளவில்லை. பாதியில் நின்ற கதை எப்போதுமே முழுக்கதையைவிட அழகாகத் தெரியும்.

லாரி அப்படியில்லை. எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பார். ஆனால் ஜோனுக்கு வயதானதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். லூக் காத்திருந்தது இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்காக. வந்து இறங்கியதோ ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடித்த பெண். முகம் இளமையாக இருந்தாலும் உள்ளே இருப்பவர் பாட்டி. அந்தப் பாட்டியை லூக்குக்குத் தெரியாது.

லூக்கை வில்லனாகக் காட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். படம் அதைச் செய்யவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள் என்பதால்தான் ஜோனின் நிலைமை நமக்கே தொண்டையில் அடைக்கிறது. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொரு நல்ல மனிதரைக் காலத்துக்கும் இழக்க வேண்டும்.

ஏன் கொரியப் போர்?

1950-ல் தொடங்கி 1953 ஜூலையில் போர்நிறுத்த ஒப்பந்தத்தோடு நின்ற போர் அது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அதில் உயிரிழந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கும் வியட்நாம் போருக்கும் நடுவில் சிக்கியதால், அமெரிக்காவிலேயே அதை 'மறக்கப்பட்ட போர்' என்று சொல்வதுண்டு.

அந்த வீரர்களின் இளம் மனைவிகளில் பலர் மறுமணம் செய்து, பிள்ளை பெற்று, முதல் கணவரின் போட்டோவைப் பெட்டியில் வைத்துவிட்டு வாழ்ந்திருப்பார்கள். ஜோன் அப்படிப்பட்ட ஒருவர். இரண்டாவது கணவரும் அந்தப் போட்டோவோடு சேர்ந்தேதான் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். "நான் உனக்கு இரண்டாவது சாய்ஸா?" என்ற லாரியின் பயம் செத்த பிறகு வந்ததல்ல. அது 65 வருஷப் பயம்.

புதுமையான ஐடியாவா?

முழுக்கப் புதுசு இல்லை. இறந்தவர் என்று நினைத்த துணை திரும்பி வருவது பழைய காமெடிக் கரு. 1940-ல் வந்த 'மை ஃபேவரிட் வைஃப்' படத்தில், கடலில் போய்விட்டதாக நினைத்த மனைவி திரும்பி வருவார். அன்றுதான் கணவருக்கு மறுமணம் நடந்திருக்கும்.

மறுமையை ஓர் அலுவலகம் போலக் காட்டுவதற்கும் முன்னோடிகள் உண்டு. 1946-ல் பிரிட்டனில் வந்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' படத்தில் சொர்க்கத்தில் வழக்கே நடக்கும். பூமி கலரில் இருக்கும், சொர்க்கம் கருப்பு வெள்ளையில் இருக்கும். 1998-ல் ஜப்பானிய இயக்குநர் கொரே-எடா எடுத்த 'ஆஃப்டர் லைஃப்' படத்தில், இறந்தவர்கள் ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு நினைவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போக வேண்டும்.

'இட்டர்னிட்டி' இந்த இரண்டு வகைகளையும் சேர்த்து, நடுவில் ஒரு நீண்ட கல்யாணத்தை வைக்கிறது. கதையை முதலில் எழுதிய பேட் குனேன், முன்னாள் அதிபர் ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் எழுத்தாளராக வேலை பார்த்தவர். ஹாலிவுட்டில் படமாகாத நல்ல திரைக்கதைகளைத் தொகுக்கும் 'பிளாக் லிஸ்ட்' பட்டியலில் 2022-ல் இந்தக் கதை இடம்பிடித்தது.

நடிப்பு எப்படி?

ஜோனாக எலிசபெத் ஓல்சன், லாரியாக மைல்ஸ் டெல்லர், லூக்காகக் கல்லம் டர்னர். முதல் இருவருக்கும் வேலை கஷ்டம்: இளம் உடம்புக்குள் 80 வயதைத் தாண்டிய மனதை நடிக்க வேண்டும். மேக்கப் உதவாது, பேச்சிலும் அலுப்பிலும்தான் காட்ட முடியும். ஒருங்கிணைப்பாளர்களாக வரும் டேவைன் ஜாய் ராண்டால்ஃப், ஜான் எர்லி ஜோடி, யார் பக்கம் பேசுவது என்று அடித்துக்கொள்ளும் இடங்கள் கலகலப்பு. ராண்டால்ஃப் 'தி ஹோல்டோவர்ஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர்.

கடைசியில் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்? (படம் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்)

இரண்டு பேரோடும் ஒவ்வொரு உலகத்தைச் சுற்றிப் பார்த்தும் ஜோனால் முடிவெடுக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் இரண்டு பேருமே வேண்டாம் என்று தோழியோடு கிளம்பப் பார்க்கிறார். அப்போது லாரி செய்வதுதான் படத்தின் பெரிய திருப்பம். அனுபவிக்காமல் போன வாழ்க்கையை அனுபவிக்கட்டும் என்று, லூக்கோடு போகும்படி அவரே சொல்லி அனுப்பி வைக்கிறார்.

மலை உலகம் அழகாகத்தான் இருக்கிறது. லூக்கும் மாறவில்லை. ஆனால் நினைவுகளைத் திரும்பப் பார்க்கும் காப்பகத்துக்கு ஜோன் அடிக்கடி போகத் தொடங்குகிறார். அங்கே அவர் தேடிப் போவது லாரியோடு வாழ்ந்த நாட்களை. லூக் அதைப் புரிந்துகொண்டு விடைகொடுக்கிறார். ஆபத்தைத் தாண்டி ஜோன் ஜங்ஷனுக்குத் திரும்பினால், லாரி எங்கேயும் போகாமல் அங்கேயே பாரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். 67 வருஷம் லூக் செய்த அதே வேலை!

இருவரும் சேர்ந்து போகும் நித்திய உலகம் கடலும் இல்லை, மலையும் இல்லை. அவர்கள் குடும்பம் நடத்திய ஊரைப் போன்ற ஒரு சாதாரணத் தெரு.

மரணத்தைப் பற்றிப் படம் சொல்வது என்ன?

நித்தியம் என்ற தலைப்பை வைத்துக்கொண்டு, முடிவுள்ள வாழ்க்கைதான் மதிப்புள்ளது என்கிறது படம். லூக்கின் காதலை மரணம் அப்படியே உறைய வைத்துவிட்டது. லாரியின் காதலோ தேய்ந்தது, அலுத்தது, மறுபடி வளர்ந்தது. மரணம் ஒருநாள் வரும் என்பதால்தான் அந்த 65 வருஷத்தில் ஒவ்வொரு நாளும் கணக்கில் சேர்ந்தது.

குறையே இல்லையா? இருக்கிறது. ஜங்ஷனின் விதிகளைக் கொஞ்சம் யோசித்தால் ஓட்டைகள் தெரியும். இரண்டாம் பாதியில் ஜோன் மனம் மாறி மாறி அலைவது சிலருக்கு இழுவையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் படம் முடிந்த பிறகும் நம்மோடு வீட்டுக்கு வரும். எந்த உலகம் வேண்டுமானாலும் கிடைக்கும் என்றால், இப்போது இருக்கிற இந்த வீட்டையும், டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடும் இந்த ஆளையுமே நாம் மறுபடி கேட்போமா? பதில் 'ஆமா' என்றால், அதைச் சொல்லச் செத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று ராத்திரி சாப்பிடும்போதே சொல்லலாம்.