மானிட்டரில் தொடங்குங்கள்: குறைந்த செலவில் நல்ல கேமிங் கம்ப்யூட்டர்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்களில் பலர் ப்ராசசரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஐ7 போடுவதா, ஐ9 போடுவதா என்பதே முதல் கேள்வி. பாதிப் பணம் அங்கேயே தீர்ந்துவிட, மிச்சத்துக்குள் ஏதோ ஒரு கிராபிக்ஸ் கார்டை அடக்க வேண்டியதாகிறது. கடைசியில் விலை உயர்ந்த ப்ராசசர் வேலையில்லாமல் காத்திருக்கும். கேம் திணறித் திணறி ஓடும். அதே பணத்தை வேறு வரிசையில் செலவழித்திருந்தால் அதே கேம் சீராக ஓடியிருக்கும். அந்த வரிசை மானிட்டரில் தொடங்குகிறது.

முதலில் மானிட்டர்

கம்ப்யூட்டர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது திரைதான். 1080பி எனப்படும் ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உண்டு. 1440பி திரையில் அது 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு காட்சிக்கும் இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டாக வேண்டும்.

அடுத்தது வேகம். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு காட்சியைத் தயாரிக்க 16.7 மில்லி விநாடி அவகாசம் கிடைக்கும். 144 ஹெர்ட்ஸ் என்றால் 7 மில்லி விநாடிக்குள் முடிக்க வேண்டும். பட்ஜெட் குறைவாக இருந்தால் 144 ஹெர்ட்ஸ் வேகமுள்ள ஃபுல் எச்டி திரையே நல்ல இலக்கு. 4கே திரையை வாங்கிவிட்டால், அதற்கு ஈடுகொடுக்கும் கார்டின் விலை உங்கள் மொத்தக் கணக்கையும் விழுங்கிவிடும்.

பணத்தின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு

எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்ந்தது என்று கணக்குப் போடுவது ப்ராசசர். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. இன்றைய பெரிய கேம்களில் வரைவதுதான் கனமான வேலை. எனவே மானிட்டருக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதித் தொகையில் 35 முதல் 40 சதவீதம் வரை கார்டுக்கு வைக்கலாம்.

ஃபுல் எச்டிக்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 8 ஜிபி கார்டுகள் போதும். 12 ஜிபி நினைவகம் உள்ள இன்டெல் ஆர்க் பி580 இன்னும் தாராளமானது. ஆனால் ப்ராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக உதவும் ‘ரீசைசபிள் பார்’ வசதி மதர்போர்டில் இருந்தால்தான் அது முழுத் திறனைக் காட்டும். பழைய ப்ராசசரோடு சேர்த்தால் அதன் வேகம் குறைந்துவிடும்.

ஜிபி எண்ணை மட்டும் பார்த்துக் கார்டு வாங்காதீர்கள். ஜிடி 730 என்ற கார்டு 2014-ல் வந்தது. அதில் 4 ஜிபி மாதிரியும் உண்டு. பில்லில் ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும்; இன்றைய பெரிய கேம் எதுவும் அதில் உருப்படியாக ஓடாது. எந்த மாடல், எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

ப்ராசசரும் மதர்போர்டும்

ஃபுல் எச்டி கேமிங்குக்கு ஆறு கோர் ப்ராசசர் தாராளம். 2022-ல் வந்த ரைசன் 5 5600, இன்டெல் ஐ5-12400எஃப் இரண்டும் நல்ல தேர்வுகள். வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை மிக அதிக ஃபிரேம் வேகத்தில் ஆடுபவர்களுக்கு மட்டும் ப்ராசசரின் பங்கு கூடும். அவர்கள் இங்கே கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

இன்டெல் பெயரின் முடிவில் ‘எஃப்’ இருந்தால் அந்த ப்ராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்டு பழுதானால் திரையில் எதுவும் வராது. இப்போதைக்குக் கார்டு வாங்கப் பணம் இல்லை என்றால் ரைசன் 5 5600ஜி ஒரு வழி. உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே எளிய கேம்களை ஆடிக்கொண்டிருந்து, பிறகு கார்டு சேர்க்கலாம். ஆனால் 5600-ல் உள்ள 32 எம்பி எல்3 கேஷுக்குப் பதில் இதில் 16 எம்பிதான் இருக்கிறது. அதனால் கார்டு போட்ட பிறகு 5600-ஐவிடச் சற்றுப் பின்தங்கும்.

மதர்போர்டு வாங்கும்போது எதிர்காலத்தையும் யோசிக்க வேண்டும். 5600 பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் மலிவு. ஆனால் அந்த வரிசை முடிவை நெருங்கிவிட்டது. 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும், செலவும் கூடும். ஆனால் சில ஆண்டுகள் கழித்து போர்டை மாற்றாமல் ப்ராசசரை மட்டும் மாற்றலாம். பழைய பி450 போர்டு வாங்கினால், 5000 வரிசை ப்ராசசரை ஏற்கும்படி பயாஸ் எனப்படும் போர்டின் அடிப்படை மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா என்று கடையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரேமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி ரேம் வேண்டும். அதை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்குங்கள். இரண்டு சேனல்களிலும் தரவு பாயும்போது ப்ராசசருக்கு அது வேகமாகக் கிடைக்கும். உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரிது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாக இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும். பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. எனவே பழைய விலைப்பட்டியலை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

சேமிப்புக்கு என்விஎம்இ எஸ்எஸ்டி. சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு ஏறக்குறைய 550 எம்பி வரை படிக்கும். ஜென்3 என்விஎம்இ 3500 வரை போகும். ஜென்4 7000 வரை எட்டும். ஆனால் கேம் திறக்கும் நேரத்தில் ஜென்3-க்கும் ஜென்4-க்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாது. மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்: கைவைக்கக் கூடாத இடம்

எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தருவது எஸ்எம்பிஎஸ். ஃபிரேம் வேகத்தில் அதன் பங்கு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பலரும் இதில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனால் மற்ற எல்லாப் பாகங்களையும் எரித்துவிடக்கூடிய பாகம் இது ஒன்றுதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிக் கிராபிக்ஸ் கார்டைப் போடாதீர்கள்.

பெட்டியில் எழுதிய வாட்டை விட்டுவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட் வரிசையில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். வெளியே 450 என்று போட்டிருந்தாலும் கார்டுக்கும் ப்ராசசருக்கும் கிடைப்பது அவ்வளவே. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், 5600-க்கு 65 வாட் என்பது நிறுவனங்கள் தரும் அளவு. உச்ச நேரத்தில் ஏறுவதையும் சேர்த்தால் தரமான 550 வாட் போதும். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்புக்கு அது சான்று அல்ல. ஐந்தாண்டு வாரன்டி தரும் மாடலைத் தேடுங்கள்.

கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் இருந்தால் யுபிஎஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரும் அதற்குள் அடங்க வேண்டும்.

கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடியைவிட வலை நல்லது. நம் ஊர்க் கோடையில் அறைக் காற்றே 35 டிகிரியைத் தாண்டும்போது, உள்ளே காற்று புகாத பெட்டியில் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், சொல்லும் விலையில் ஜிஎஸ்டி அடங்குமா என்று கேளுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். வாரன்டிக்கு அதுதான் ஆதாரம். பழைய கார்டு வாங்குவதாக இருந்தால், உங்கள் கண்முன்னே அரைமணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, எல்லா விசிறிகளும் சுற்றுகின்றனவா, திரையில் கோடுகள் வருகின்றனவா என்று பாருங்கள்.

அசெம்பிள் செய்த பிறகு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஃபிரேம் வரம்பையும் வி-சிங்க்கையும் நீக்கிவிட்டு ஒரு கனமான கேமை ஆடிப் பாருங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் உங்கள் பணம் சரியான இடத்தில் வேலை செய்கிறது. 60, 70 என்று தங்கினால் வேறு ஏதோ அதைப் பிடித்து இழுக்கிறது. பெரும்பாலும் அது ப்ராசசராகவோ ஒற்றைக் குச்சி ரேமாகவோ இருக்கும். அடுத்து சேரும் பணத்தில் முதலில் அதை மாற்றுங்கள்.