கரண்ட் திரும்பி வரும் விநாடி

தேக்குப் பலகையில் பாதி செதுக்கிய பிள்ளையார். கரண்ட் போகிறது, செதுக்கும் ரவுட்டரின் இரைச்சல் மெல்ல அடங்குகிறது. மூன்றே விநாடியில் கரண்ட் வந்துவிடுகிறது. ரவுட்டர் மறுபடி இரைகிறது, மேடையும் எதுவும் நடக்காததுபோல நகரத் தொடங்குகிறது. ஆனால் கத்தி இப்போது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நிமிடத்துக்கு 800 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடிய மெஷினுக்கு மூன்று விநாடி என்றால் 40 மில்லிமீட்டர் பிசகு. பலகையை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்பு கிளாம்ப் அந்த வழியில் இருந்தால், உடைந்த கத்தியின் துண்டு எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது.

வீட்டிலேயே சிஎன்சி மெஷின் கட்டுகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, அதன்மேல் செருகிய சிஎன்சி ஷீல்டு, நான்கு குட்டி மோட்டார் டிரைவர்கள், மோட்டாருக்கு மின்சாரம் தரும் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ், உள்ளே ஜிஆர்பிஎல் மென்பொருள். 2009-ல் நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதத் தொடங்கி இலவசமாக வெளியிட்ட அந்த மென்பொருள்தான் மெஷினைச் சாமானியர் கைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. மென்பொருளில் குறையில்லை. வம்பு இருப்பது வயரிங்கில்.

ஊனோ போர்டுக்கு மின்சாரம் லேப்டாப்பின் யுஎஸ்பி வழியே வருகிறது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. எனவே வீட்டில் கரண்ட் போனால் மோட்டாருக்கான 24 வோல்ட் மட்டும்தான் போகிறது. ஊனோவுக்கு அந்தச் சேதியே தெரியாது. அது பாட்டுக்கு அடிகளை எண்ணிக்கொண்டே போகிறது, மோட்டார்களோ அசையாமல் நிற்கின்றன. கரண்ட் வந்ததும் இரண்டும் வேறு வேறு கணக்கோடு மறுபடி சேர்ந்துகொள்கின்றன. போர்டு அணைந்தெழுந்திருந்தாலாவது, தொடக்கப் புள்ளியைத் தேடிப் பிடிக்கும் ஹோமிங் அமைத்த மெஷினில் ஜிஆர்பிஎல் பூட்டிக்கொண்டு, ஹோமிங் செய்யச் சொல்லியிருக்கும். இங்கே அணையவே இல்லை, அதனால் எச்சரிக்கையும் இல்லை. ரவுட்டரின் ஸ்விட்சும் ஆன் நிலையில் பூட்டிய ஸ்விட்ச். கரண்ட் வந்தால் ஓடத்தான் செய்யும்.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. ரவுட்டரை (ஜிஆர்பிஎல் மொழியில் ஸ்பிண்டில்) ரிலே வழியாக ஊனோவே இயக்கும் மெஷின்களில், வேலை முடிந்து யுஎஸ்பி வயரைப் பிடுங்கும்போது ரிலே ‘டிக்’ என்று இழுத்து ஸ்பிண்டில் ஒரு கணம் துள்ளும். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் நீல நிற ரிலே போர்டுகள் பலவும், சிக்னல் 0 வோல்ட்டுக்கு இறங்கினால் இழுக்கும் வகை. அந்த ரிலே போர்டுக்குத் தனியாக 5 வோல்ட் கொடுத்திருந்தால், ஊனோ அணைந்த பிறகு ரிலே பக்கத்து மின்னோட்டம் செத்த ஊனோவின் பின் வழியாகவே உள்ளே கசிய வழி தேடும். அந்தக் கசிவே ரிலேவை இழுத்துவிடக் கூடும். போதாக்குறைக்கு, ஸ்பிண்டில் நிற்கும்போது ஜிஆர்பிஎல் தன் ஸ்பிண்டில் பின்னை 0 வோல்ட்டில்தான் வைத்திருக்கும். இந்த வகை ரிலேவுக்கு அது ‘ஓடு’ என்கிற உத்தரவு! முதல் நாளே ரவுட்டர் தானாகச் சுழன்றதைக் கண்டு போர்டு பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் இருப்பார்கள். போர்டு தன் வேலையைத்தான் செய்தது.

எந்தக் கோளாறு தன் மெஷினில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு குண்டு பல்பு போதும். ரவுட்டரைக் கழற்றிவிட்டு ரிலேவின் அவுட்புட்டில் 60 வாட் பல்பை மாட்ட வேண்டும். கத்தியையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது. பிறகு ஒவ்வொன்றாக: யுஎஸ்பியை மட்டும் பிடுங்குவது, மெயின் ஸ்விட்சை மட்டும் அணைப்பது, இரண்டையும் முன்பின்னாக மாற்றிப் போடுவது, ரீசெட் பட்டனை அமுக்குவது, லேப்டாப்பில் மென்பொருளைப் புதிதாக இணைப்பது. கடைசியில் சொன்னதை விட்டுவிடக் கூடாது. இணைக்கும்போதெல்லாம் ஊனோ ஒருமுறை ரீசெட் ஆகும். இவற்றில் எப்போதாவது பல்பு மினுக்கினால் அந்த இடத்தில் ரவுட்டர் துள்ளியிருக்கும் என்று பொருள். ரிலே முனைகளில் ஓடுவது 230 வோல்ட் என்பதால் வயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டே கை வைக்க வேண்டும்.

துள்ளலுக்கு மருந்து, சிக்னல் உயர்ந்தால் மட்டும் இழுக்கும் ரிலே போர்டும், அதன் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும். போர்டு செத்தாலும் ரீசெட் ஆனாலும் சிக்னல் அந்தரத்தில் தொங்காமல் 0-விலேயே கிடக்கும்.

கரண்ட் போய் வரும் சிக்கலுக்கான விடை லேத் பட்டறைச் சுவரில் பல காலமாகவே தொங்கிக்கொண்டிருக்கிறது: பச்சை, சிவப்பு பட்டன் வைத்த ஸ்டார்ட்டர். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் கான்டாக்டர் விழுந்துவிடும், யாராவது வந்து பச்சையை அமுக்கும்வரை எழாது. (கிணற்று மோட்டார்க்காரர்கள் ஆட்டோ ஸ்விட்ச் போட்டு இதைத் தாண்டிவிடுவார்கள். தண்ணீர் பாய்ச்ச அது வசதி. கத்தி சுழலும் இடத்துக்கு ஆகாது.) கரண்ட் திரும்பியதும் மெஷின் தானாகக் கிளம்பக் கூடாது என்பது இயந்திரங்களின் மின் பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 தரவிதியிலும் இருக்கிறது.

அதே கான்டாக்டரை வைத்து ஊனோவுக்கும் சேதி சொல்லிவிடலாம். எஸ்எம்பிஎஸ், ரவுட்டர் இரண்டுக்கும் போகும் லைன் கான்டாக்டர் வழியாகப் போகட்டும். எமர்ஜென்சி பட்டன் அதன் காயில் லைனை வெட்டட்டும். கான்டாக்டரின் பக்கத்தில் இருக்கும் துணைத் தொடர்பை, அதாவது கான்டாக்டர் விழுந்தால் மூடும் வகையை, ஷீல்டின் அபார்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே இணைத்தால், கரண்ட் போன உடனே ஜிஆர்பிஎல் ரீசெட் ஆகி, ஓட்டத்தில் இருந்தால் அலாரம் 3 என்று கத்தும். இடம் தொலைந்துவிட்டது, ஹோமிங் செய் என்பதற்கான அலாரம் அது. அந்தச் சிறு வயர் அறுந்தால் சேதி போகாது என்பது இதன் குறை. மென்பொருளில் அந்தப் பின்னின் தர்க்கத்தைத் திருப்பிப்போட்டு, ‘தொடர்பு மூடியிருக்கும்வரை ஓடு’ என்று அமைப்பதே இன்னும் சரி. பேரலல் போர்ட் காலத்து மாக்3 இதைத்தான் செய்தது. கணினி நலமாக இருக்கும்வரை 12.5 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை இடைவிடாமல் அனுப்பும். துடிப்பு நின்றால் போர்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். கணினி தொங்கினாலும் வயர் பிடுங்கினாலும் விளைவு ஒன்றே.

எமர்ஜென்சி பட்டனை அபார்ட் முனையில் மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். போர்டே தொங்கிப்போனால் அந்தப் பட்டனை யார் கேட்பது?

வேகத்தை மாற்றும் விஎஃப்டி வைத்த ஸ்பிண்டில் என்றால் வேறு எச்சரிக்கை. 230 வோல்ட் உள்ளே போய் ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாகக் கெப்பாசிட்டர்களில் தேங்குகிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் அது அங்கேயே இருக்கும். கையேட்டில் சொன்ன நேரம் பொறுத்து, மீட்டரால் அளந்து பார்த்துத்தான் உள்ளே கை விட வேண்டும். கரண்ட் வந்ததும் தானாக ஓடும் அமைப்பு அதில் இருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும்.

இந்தப் பாகங்களைக் கிட்டாக விற்றவர் பொறுப்பு எதுவரை? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவர் அந்த விலக்கில் சேர மாட்டார். வீட்டு ஷெட்டில் பெயர்ப்பலகை வெட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். கிட் பழுதென்றால் பணம் திரும்பவோ மாற்றுப் பொருளோ கேட்கலாம். கிட்டால் காயம் பட்டால் அது ‘பொருள் பொறுப்பு’ என்ற தனி வழக்கு. ஆபத்தைத் தவிர்க்கப் போதிய எச்சரிக்கையோ செயல்முறைக் குறிப்போ தராததும் தயாரிப்பாளர் தவறாகவே அங்கே எடுத்துக்கொள்ளப்படும். பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்பனையாளரை அதில் இழுக்க முடியாது. வீட்டில் கட்டும் மெஷினில் இந்த ஓட்டைதான் பெரியது, ஏனென்றால் மாற்றாமல் யாரும் கட்டுவதில்லை.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது, காலக்கெடு இரண்டு ஆண்டு.

எதையும் மாற்றும் முன்பே ஆதாரம் வேண்டும், ஆகவே குண்டு பல்பு சோதனையை முதலில் செய்ய வேண்டிய நாள் கிட் வந்து இறங்கும் நாள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து, கையேட்டில் போட்ட படத்தின்படியே வயரை மாட்டி, யுஎஸ்பியைப் பிடுங்கும் நொடியில் பல்பு மினுக்குவது வரை செல்போனில் ஒரே ஓட்டமாக எடுத்துவைத்து, பில்லோடு சேர்த்துக் காப்பாற்றியவருக்கு, பிறகு ரிலேவை மாற்றினாலும் ஆணையத்தில் காட்டக் கையில் ஆதாரம் இருக்கும்.