84-க்கும் 85-க்கும் நடுவே

1977-ஆம் ஆண்டில் ‘16 வயதினிலே’ திரைப்படம் வெளிவந்தபோது ஆனந்த விகடன் அதற்கு நூற்றுக்கு 62.5 மதிப்பெண் வழங்கியது. பள்ளிக்கூடத்துப் பையன் இந்த மார்க்குடன் வீடு திரும்பினால் தகப்பனார் முகம் மலர்ந்திராது. ஆயினும் விகடனின் விமரிசனங்களைத் தொடர்ந்து படித்து வந்தவர்கள், அங்கே அறுபதைத் தாண்டுவது எத்தனை அபூர்வம் என்பதை அறிந்திருந்தபடியால், அந்த எண்ணைப் பெரும் பாராட்டாகவே கொண்டார்கள். இன்றும் அதை நினைவில் வைத்துப் பேசுகிறார்கள். அதே 62.5 இக்காலத்தில் ஒரு வீடியோ கேமுக்குக் கிடைக்குமானால், பல ஆண்டுகள் பாடுபட்டு அதை உருவாக்கியவர்கள் தோற்றுப்போனவர்களாகவே கருதப்படுவார்கள். எண் ஒன்றேயாயினும் அதைப் படிக்கும் வழக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்ற இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டுதான், வீடியோ கேம்களுக்கு மதிப்பெண் இடும் முறையின் பிரயோசனத்தையும் நியாயத்தையும் நாம் ஆராயப் புக வேண்டும்.

பிரயோசனம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு நாவலைக் கடையில் நின்றபடியே நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிடலாம். சினிமா பிடிக்காமற் போனால் மூன்று மணி நேரத்தோடும் ஒரு டிக்கெட் விலையோடும் நஷ்டம் தீர்ந்துவிடும். பெரிய நிறுவனங்கள் வெளியிடும் கேமோ சில ஆயிரம் ரூபாய் விலையுள்ளது. பல நாட்கள் அமர்ந்து ஆடினாலொழிய அதன் முழு உருவமும் தெரியாது. 1980-களில் பிரிட்டனில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான கேம்கள் காசெட்டுகளில் வந்து குவிந்தபோது, கையில் இருக்கும் சொற்பப் பணத்துக்கு எதை வாங்குவது என்று திகைத்த சிறுவர்களுக்குத் துணையாக, ‘க்ராஷ்’ முதலிய பத்திரிகைகள் சதவீத மதிப்பெண்களை அச்சிட்டன. ஜப்பானில் 1986-ல் தோன்றிய ‘ஃபாமிட்சு’ பத்திரிகையில், நான்கு விமரிசகர்கள் தனித்தனியே பத்துக்கு இத்தனை என்று இடும் எண்கள் அருகருகே அச்சாகி, 40-க்கு மொத்தம் கூறப்படும் முறை நிலைபெற்றது. 1998-ல் வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்’ அங்கே முழு 40-ஐயும் பெற்ற முதல் கேம். அந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது: நால்வரில் ஒருவர் மாறுபட்டால், அந்த மாறுபாடு வாசகர் கண்ணெதிரே நிற்கிறது.

2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் என்னும் இணையத்தளம் இந்த மாறுபாடுகளையெல்லாம் ஒரே எண்ணாக உருக்கி வார்த்தது. பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைத் திரட்டி, நட்சத்திரமாக இருந்தாலும் எழுத்துத் தரமாக இருந்தாலும் நூற்றுக்கு இத்தனையென மாற்றி, சில பத்திரிகைகளுக்கு அதிக எடையும் சிலவற்றுக்குக் குறைந்த எடையும் கொடுத்து, அது சராசரி காண்கிறது. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதை வெளியிடுவதில்லை. அதே தளத்தில் ஒரு திரைப்படம் 61 பெற்றாலே நல்லது என்பதற்குரிய பச்சை நிறம் கிடைத்துவிடுகிறது. கேமுக்கு அந்த நிறம் கிடைக்க 75 வேண்டும். கேம் விமரிசகர்களிடையே பத்துக்கு ஏழு என்பது ‘சுமார்’ என்ற பொருளுக்கு இறங்கிவிட்டதை இந்த ஏற்பாடே ஒப்புக்கொள்கிறது. அளவுகோலின் கீழ்ப்பாதி வெறுமனே கிடக்க, நல்லதும் மிக நல்லதும் மிகச் சிறந்ததும் மேலே இருபது முப்பது புள்ளிகளுக்குள் நெருக்கியடித்து நிற்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்குத் தகாத கனம் ஏறிவிடுகிறது.

அந்தக் கனத்தை அப்ஸிடியன் என்டர்டெயின்மென்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் நன்கு அறியும். பெதஸ்டா நிறுவனத்துக்காக அவர்கள் உருவாக்கிய ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. விற்பனையில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. மெட்டாகிரிட்டிக்கில் 85 புள்ளி வந்தால் மட்டுமே போனஸ் உண்டு என்பது ஒப்பந்தம். வந்தது 84. இந்தச் செய்தியை அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவெல்லோன் 2012-ல் பகிரங்கமாகக் கூறியபோதுதான் உலகம் அறிந்தது. வெளியான நாட்களில் கேமில் நிறைந்திருந்த பிழைகளை விமரிசகர்கள் சுட்டிக்காட்டியது முற்றிலும் நியாயம். வாங்குபவரை எச்சரிப்பது அவர்கள் கடமை. ஆனால் எங்கோ ஓர் ஊரில் அமர்ந்து எட்டு இடுவதா எட்டரை இடுவதா என்று யோசித்த ஒரு விமரிசகர், தாம் முன்பின் பார்த்திராத தொழிலாளருடைய குடும்பச் செலவில் கை வைக்கிறோம் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். வாசகரின் ஐயத்துக்கு விடையாகச் சொல்லப்பட்ட எண்ணை எடுத்து, உழைத்தவரின் ஊதியத்தை நிர்ணயிக்கும் படிக்கல்லாக்கியதில்தான் அநீதி இருக்கிறது.

சராசரி எண் மறைக்கும் விஷயங்கள் வேறு பல. 2010-ல் அமெரிக்காவில் வெளியான ‘டெட்லி பிரிமனிஷன்’ என்னும் ஜப்பானியக் கேமுக்கு ஐஜிஎன் தளத்து விமரிசகர் பத்துக்கு இரண்டும், டிஸ்ட்ரக்டாய்ட் தளத்து விமரிசகர் பத்துக்குப் பத்தும் அளித்தார்கள். இவ்விரண்டின் சராசரி ஆறு. அந்த ஆறு இருவரில் எவருடைய அனுபவமும் அன்று. இருவருடைய கட்டுரைகளையும் படிப்பவர் தம் ரசனை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்வார். ஆறு என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர் இப்படியொரு வினோதமான படைப்பு இருப்பதையே அறியாமல் கடந்துவிடுவார். 2020 டிசம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’ கேமை, கம்ப்யூட்டரில் ஆடிப் பார்க்க மட்டுமே விமரிசகர்களுக்கு முன்கூட்டி வழங்கினார்கள். 90-ஐ ஒட்டிய மதிப்பெண்கள் குவிந்தன. அதை நம்பிப் பழைய பிளேஸ்டேஷன் 4 கன்சோலுக்கு வாங்கியவர்களிடம் அது தடுமாறி நின்றது. சில தினங்களில் சோனி நிறுவனமே தன் கடையிலிருந்து அதை விலக்கிக்கொண்டது. பின்னர் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி அதைச் செம்மையாக்கினார்கள். எண்ணோ, எந்த இயந்திரத்தில் ஆடியது, எந்தத் தேதியில் ஆடியது என்பதைச் சொல்லாமலே நிற்கிறது.

எண் சுருக்கமானது, ஆகவே அதன்மீது அழுத்தம் செலுத்துவதும் எளிது. 2007-ல் கேம்ஸ்பாட் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்னும் விமரிசகர் ‘கேன் அண்ட் லிஞ்ச்’ கேமுக்குப் பத்துக்கு ஆறு இட்டார். அதே கேமின் விளம்பரம் அப்பொழுது அத்தளம் முழுவதையும் அலங்கரித்துக்கொண்டிருந்தது. சிறிது காலத்தில் அவர் வேலையை இழந்தார். விளம்பரதாரரின் அதிருப்தியே காரணமென்று பின்னர் வெளிப்படையாகக் கூறினார்.

நம்மவர் கதை ஒன்றும் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் அந்நாட்டில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. குடும்பத் தலைவி தன் தாய் கொடுத்தனுப்பிய, கிழிந்து மங்கிப்போன சமையற்குறிப்பை வைத்துக்கொண்டு இட்லித் தட்டுகளை அடுக்குவதும், புட்டுக்குழலில் மாவும் தேங்காயும் மாற்றி மாற்றி இடுவதுமே அங்கே விளையாட்டு. மொழி நழுவிச் செல்லும் மகனுக்கும் அவளுக்கும் இடையே விரியும் தூரமே கதை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள்; ஆயினும் 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதை அளித்தது. நூறு மணி நேரம் ஆடக்கூடிய பிரம்மாண்டப் போர்க் கேமையும் இதையும் ஒரே பத்துக்குள் எவ்வாறு அடக்குவது? இட்லி வேகும் ஆவியில் ஒரு தாயின் ஊர் நினைவு எழுவதற்கு எத்தனை மார்க் என்று யாரால் சொல்ல முடியும்?

அப்படியானால் எண்ணையே ஒழித்துவிடலாமா? பிரிட்டனின் யூரோகேமர் தளம் 2015-ல் அவ்வாறே செய்து பார்த்தது. 2023-ல் ஐந்து நட்சத்திர முறை ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. வேலை முடிந்து களைத்து வருபவர் எல்லாக் கட்டுரைகளையும் படித்துக்கொண்டிருக்க இயலாது. அவருக்கு ஒரு சுருக்கமான குறிப்பு தேவைதான். அதற்கு ஸ்டீம் என்னும் இணையக் கடை ஒரு வழி காட்டுகிறது: அங்கே வாங்கியவர்கள் பரிந்துரைக்கிறேன் அல்லது பரிந்துரைக்கவில்லை என்று மட்டுமே சொல்லுகிறார்கள். அதன் பக்கத்தில் சொன்னவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் தெரிகிறது. அண்மைக் கால அபிப்பிராயம் தனியே பிரித்துக் காட்டப்படுகிறது. எண்ணைச் சொன்னவர் யார், எப்பொழுது, எவ்வளவு பழகிய பின் சொன்னார் என்பது உடன் வரும்போது அதை நம்புவதற்கு ஓர் ஆதாரம் ஏற்படுகிறது.

விகடனின் வாசகர் 62.5-ஐச் சரியாகப் படித்தது எதனால்? வாரந்தோறும் படித்துப் படித்து, அதை இட்டவர்களின் மனப்போக்கை அவர் அறிந்திருந்ததனால். கேம் வாங்கப் போகிறவரும் தம் ரசனைக்கு இசைந்த ஓரிரு விமரிசகர்களைத் தேர்ந்து, அவர்கள் எழுத்தோடு பழகி, அதன் பிறகே அவர்கள் எண்ணைப் பார்ப்பாரானால், அது அவருக்கு உண்மையாகவே உதவும். தெரிந்த ஒருவர் நமக்குச் சொல்லும் வார்த்தையாக இருக்கும் மட்டும் மதிப்பெண் நியாயமானது. யார் சொன்னதென்றே தெரியாத சராசரியாகி ஒருவர் கூலியைப் பறிக்கப் புறப்படும்போது, அதற்கு அந்த அதிகாரத்தை நாம் கொடுக்கவே கூடாது.